நான்கு இலக்கத்தின் நகர்வலம்

ஒவ்வொரு மாதமும் 1ஆம் தேதி உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே ஒரு பட்டியலை வெளியிடுகிறது. நார்வேயின் மாக்னஸ் கார்ல்சனில் தொடங்கி, போன மாதம்தான் முதன்முதலாகக் கணக்கில் ஏறிய ஏழு வயதுப் பொடிசு வரை எல்லோருக்கும் அதில் ஆளுக்கொரு நான்கு இலக்க எண் உண்டு. மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கம் பிள்ளையை செஸ் வகுப்புக்கு அனுப்பும் வீடுகளில், சம்பளம் வந்த குறுஞ்செய்தியைப் பார்த்த கையோடு இதையும் பார்த்துவிடுகிறார்கள். "ரேட்டிங் வந்துடுச்சா? இந்த மாசம் எவ்ளோ ப்ளஸ்?" என்பது வகுப்பு வாசலில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு நிற்கும் பெற்றோர் நடுவே சாதாரண விசாரிப்பு. மைனஸ் என்றால் விசாரிப்பு அதோடு முடிந்துவிடும்.

ஆட்டம் தொடங்குமுன்பே யார் மேல், யார் கீழ் என்று வரிசைப்படுத்திப் பார்க்கும் ஆசை எல்லா ஊருக்கும் உண்டு. அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் அது ஒரு தனித் திருவிழா. அசோசியேட்டட் பிரஸ் நிறுவனம் 1936 முதல் விளையாட்டு எழுத்தாளர்களிடம் ஓட்டு வாங்கிச் சிறந்த கல்லூரி அணிகளை வரிசைப்படுத்தி வருகிறது. 1950 முதல் பருவம் தொடங்குமுன்பே முதல் பட்டியல் வந்துவிடுகிறது. இந்தப் பருவத்தின் சிறந்த வீரர்கள் யார் யார் என்ற பட்டியல்களும் ஆகஸ்ட் மாதத்திலேயே கிளம்பிவிடும். நம் ஊரிலும் இதற்குக் குறைவில்லை. மார்கழிக்கு வெகு முன்பே, யாருக்கு மதியக் கச்சேரி, யாருக்கு மாலைக் கச்சேரி என்று சபா கமிட்டிகள் முடிவு செய்துவிடும். அட்டவணையைப் பார்த்தாலே பாடகரின் இடம் ரசிகருக்குப் புரிந்துவிடும். இவையெல்லாம் மனிதர்களின் அபிப்பிராயங்கள். அபிப்பிராயம் என்றால் சிபாரிசும் இருக்கும், மனத்தாங்கலும் இருக்கும்.

சதுரங்கப் பட்டியலில் ஓட்டும் இல்லை, கமிட்டியும் இல்லை. கூட்டல், கழித்தல், பெருக்கல் மட்டும்தான். ஆனாலும் அதன்மீதும் ஒரு மனத்தாங்கல் உண்டு. அந்த எண் பிறந்த ஊரையும் வந்து சேர்ந்த ஊரையும் சேர்த்துப் பார்த்தால்தான் அது விளங்கும்.

பிறந்த ஊர் அமெரிக்காவின் மில்வாக்கி. தகப்பன் அர்பாட் எலோ. 1903இல் ஹங்கேரியில் பிறந்து, பத்து வயதில் பெற்றோரோடு அமெரிக்கா போனவர். மார்க்வெட் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர். விஸ்கான்சின் மாநிலச் சதுரங்கப் பட்டத்தை எட்டு முறை வென்றவர் என்பதால், ஆட்டக்காரனின் மனசும் தெரிந்த வாத்தியார். அமெரிக்கச் சதுரங்கக் கூட்டமைப்பு 1950 முதல் கென்னத் ஹார்க்னஸ் அமைத்த ஒரு முறையில் வீரர்களை எண்ணால் அளந்துவந்தது. அதில் ஓட்டைகள் இருந்தன. போட்டியில் ஆடிய அத்தனை ஆட்டத்திலும் தோற்றவருக்குக்கூட எண் ஏறும் வாய்ப்பு இருந்தது. அதைச் சரிசெய்ய எலோ புள்ளியியலைக் கையில் எடுத்தார். அவர் கொடுத்த முறையை அமெரிக்கக் கூட்டமைப்பு 1960இல் ஏற்றது. ஃபிடே 1970இல் ஏற்றது.

எலோவின் யோசனை எளிமையானது. ஒருவரின் திறமையை நேராக அளக்க முடியாது. ஆனால் இரண்டு பேர் மோதினால் என்ன எதிர்பார்க்கலாம் என்று சொல்ல முடியும். இருவருக்கும் ஒரே எண் என்றால் பாதிக்குப் பாதி. 200 புள்ளி கூடுதலாக இருப்பவர் நூறு ஆட்டத்தில் சுமார் 76 புள்ளி எடுப்பார் என்று எதிர்பார்க்கலாம். 400 கூடுதல் என்றால் ஏறக்குறைய 92. எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக எடுத்தால் எண் ஏறும், குறைந்தால் இறங்கும். எவ்வளவு ஏறும், இறங்கும் என்பதற்கு ஒரு பெருக்கல் எண் உண்டு, 'கே' என்பார்கள். இன்றைய ஃபிடே விதிப்படி 2400ஐத் தொட்டவருக்கு அது 10, அதற்குக் கீழே 20. புதிதாக வந்தவருக்கும், 18 வயதுக்கு உட்பட்டு 2300க்குக் கீழே இருப்பவருக்கும் 40.

வெற்றி ஒன்றுதான், ஆனால் யாரை வென்றாய் என்பதற்கு ஏற்ப அதன் விலை மாறும். பரிந்துரைக் கடிதம் இல்லாமல், எந்த ஊர்ப் பையனும் உலகத்தின் எந்தப் பெரிய ஆட்டக்காரனோடும் ஒரே வரிசையில் நிற்கலாம். அன்றைய மெட்ராஸ் மாதிரி, சதுரங்க உலகின் ஓரத்தில் கிடந்த ஊர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

பட்டியல் வந்த வேகத்தில் தன் கெட்டிக்காரத்தனத்தையும் காட்டியது. 1972இல் உலகப் பட்டத்துக்காக ரெய்க்யவிக்கில் பாபி ஃபிஷரும் போரிஸ் ஸ்பாஸ்கியும் உட்கார்ந்தபோது, பட்டம் ஸ்பாஸ்கியிடம் இருந்தது; பட்டியலில் ஃபிஷர் 2785, ஸ்பாஸ்கி 2660. யார் சாம்பியன் என்பதைப் பட்டியல் முன்கூட்டியே சொல்லிவிட்டது.

அதே 1972இல்தான் மெட்ராஸில் சோவியத் கலாசார மையத்தில் முன்னாள் உலக சாம்பியன் மிகயில் தால் பெயரில் ஒரு சதுரங்க மன்றம் தொடங்கப்பட்டது. தொடங்கியவர் மானுவேல் ஆரன். பர்மாவில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்தவர், 1961இல் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆனவர், ஒன்பது முறை தேசிய சாம்பியன். 1960 லைப்சிக் ஒலிம்பியாடில் முன்னாள் உலக சாம்பியன் மாக்ஸ் எய்வையும், 1962 ஸ்டாக்ஹோம் போட்டியில் லாயோஷ் போர்ட்டிஷையும் வென்றவர். ஆனால் இந்த வெற்றிகள் எல்லாம் ஃபிடே பட்டியல் பிறப்பதற்கு முன்னால் நடந்தவை. அவர் தன் உச்சத்தில் ஆடிய ஆட்டங்களுக்கு உலகம் எண் போட்டு வைக்கவில்லை. எண் வந்து சேர்ந்தது அவருக்கு அடுத்த தலைமுறைக்கு.

அந்த மையம் இன்று ஆழ்வார்பேட்டை கஸ்தூரி ரங்கா சாலையில் ரஷ்ய மையமாக இருக்கிறது. தால் மன்றத்தில் பிளிட்ஸ் என்னும் அதிவேக ஆட்டத்தில் ஜெயித்தவர் எழுந்திருக்க மாட்டார். தோற்றவர் எழுந்து வரிசைக்குப் பின்னால் போக வேண்டும். அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் பழகிக்கொண்ட சிறுவன்தான் விஸ்வநாதன் ஆனந்த். காய் நகர்த்தக் கற்றுக்கொடுத்தது அம்மா சுசீலா. கைவேகம் இந்த மன்றத்தில் வந்தது. 1986 ஜூலைப் பட்டியலில் ஆனந்த் இந்தியாவின் முதலிடத்துக்கு வந்தார். அப்போது வயது 16. அடுத்த ஆண்டு உலக ஜூனியர் பட்டம், 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர்.

அன்றைக்குப் பட்டியல் மாதாமாதம் வரவில்லை. 80களில் ஆண்டுக்கு இரண்டு முறை, ஜனவரியிலும் ஜூலையிலும். பல ஆண்டுகள் எலோவே உட்கார்ந்து உலகக் கணக்கைப் போட்டார். பட்டியலில் நுழையவே ஆடவருக்கு 2200 வேண்டும். அதாவது எண் என்பதே பெரிய ஆட்டக்காரர்களின் சொத்து. மெட்ராஸில் சதுரங்கம் ஆடுகிற நூறு பேரில் தொண்ணூற்றுச் சொச்சம் பேருக்கு எண்ணே கிடையாது. தோற்றால் இழக்க எதுவும் இல்லாத சுகமும் அவர்களுக்கு இருந்தது.

ஆனந்தின் எண் மட்டும் ஏறிக்கொண்டே போனது. 2006 ஏப்ரலில் 2803. காஸ்பரோவ், கிராம்னிக், டோபலோவ் ஆகியோருக்கு அடுத்து 2800ஐத் தாண்டிய நான்காவது மனிதர். 2007 ஏப்ரலில் உலகின் முதலிடம். இந்தியப் பட்டியலிலோ அவருக்கு அடுத்தவர் வெகு தூரத்தில் நின்றார். சென்னைக்காரரான சசிகிரண் 2007 ஜனவரியில் 2700ஐத் தொட்டபோது, அதை எட்டிய இரண்டாவது இந்தியர் அவர்.

இதற்கிடையே எண் மெல்லக் கீழே இறங்கி வந்தது. ஃபிடே பட்டியலின் அடிமட்டம் 90களில் 2000 ஆனது, பிறகு 1800, 1600, 1400 என்று படிப்படியாக இறங்கி 2012இல் 1000 ஆனது. அதே 2012இலிருந்து பட்டியலும் மாதாந்தரம் ஆயிற்று. கிராண்ட்மாஸ்டர்களின் சொத்தாக இருந்தது நாலாம் வகுப்புப் பிள்ளையின் சொத்தாகிவிட்டது. அடுத்த ஆண்டே தமிழக அரசு, 7 முதல் 17 வயது வரையிலான பள்ளிப் பிள்ளைகளுக்குச் சதுரங்கம் கற்றுத்தரும் திட்டத்தைத் தொடங்கியது. தி.நகரில் ஜவுளிக்கடைக்கு மேல்மாடியில், மயிலாப்பூரில் வாடகை வீட்டின் கூடத்தில், அடையாறில் அடுக்குமாடியின் மொட்டை மாடியில் எல்லாம் செஸ் வகுப்பு என்ற நிலை வந்தபோது, அந்தப் பிள்ளைகளுக்குப் போட்டுக் கொடுக்க எண்ணும் தயாராக இருந்தது.

இன்றைக்கு சென்னையில் ஒரு ஓபன் டோர்னமென்ட் நடக்கும் கல்யாண மண்டபத்துக்குப் போய்ப் பாருங்கள். வாசலில் செருப்புக் குவியல். உள்ளே சாப்பாட்டு மேஜைகளில் பச்சை வெள்ளைக் கட்டம் போட்ட விரிப்பு, கடிகாரம், இரண்டு நாற்காலி. சுவரில் ஸ்டார்டிங் ரேங்க் தாள் ஒட்டியிருக்கும். எண்ணின் இறங்கு வரிசையில் அத்தனை பேரும். முதல் சுற்று ஜோடியும் அதிலிருந்துதான் வருகிறது. 300 பேர் என்றால் பட்டியலை நடுவே வெட்டி, 1ஆம் ஆளுக்கு எதிரே 151ஆம் ஆள், 2க்கு எதிரே 152. ஆகவே முதல் சுற்றில் கீழ்ப்பாதியில் இருப்பவர் எல்லோருக்கும் தன்னைவிடப் பெரியவரோடுதான் ஆட்டம்.

தாளுக்கு முன்னால் ஒரு பையன் நிற்கிறான். அவன் எண் 1480.

"அப்பா, எனக்கு 1720 வந்திருக்கு."

"வரட்டுமே. தோத்தா எட்டு போகும். ஜெயிச்சா முப்பத்திரெண்டு வரும். ட்ரா பண்ணாலும் பன்னெண்டு ப்ளஸ். பயப்படாம போய் ஆடு கண்ணா."

அப்பா சொல்லும் கணக்கு துல்லியமானது. 240 புள்ளி வித்தியாசத்துக்கு எதிர்பார்ப்பு 0.20. வென்றால் மீதி 0.80, அதை 40ஆல் பெருக்கினால் 32. மில்வாக்கிப் பேராசிரியரின் சூத்திரத்தை நம் ஊர் அப்பாக்கள் மனக்கணக்காகப் போடுகிறார்கள். எதிரே உட்காரப் போகும் 1720, வங்கி வேலையில் இருக்கும் நாற்பது வயதுக்காரராக இருந்தால் அவருக்கும் ஒரு மனக்கணக்கு ஓடும்: ஜெயித்தால் நாலு வரும், தோற்றால் பதினாறு போகும். எதிரே உட்காருவது பையன் என்றதும் அவர் முகத்தில் ஒரு வாட்டம் தெரியும். மனத்தாங்கல் அங்கேதான் தொடங்குகிறது.

ஏனென்றால் அந்தப் பையன் நிஜத்தில் 1480 அல்ல.

எலோவின் முறைக்கு அடியில் ஓர் அனுமானம் இருக்கிறது. ஆட்டக்காரரின் திறமை கொஞ்ச காலத்துக்காவது ஒரே மட்டத்தில் நிற்கும். தினசரி ஏற்ற இறக்கம் அதைச் சுற்றி ஆடும். வளர்ந்து முடிந்த பெரியவர்களுக்கு இது பொருந்தும். தினம் நாலு மணி நேரம் கணினியோடும் கோச்சோடும் உட்காரும் பத்து வயதுப் பிள்ளைக்குப் பொருந்தாது. அவன் எண் சொல்வது ஆறு மாதத்துக்கு முந்தைய அவனை. சட்டை தைத்துக் கொடுப்பதற்குள் வளர்ந்துவிடும் பிள்ளைக்கு எந்தத் தையல்காரரும் சரியாக அளவெடுக்க முடியாது.

இன்னொரு அனுமானமும் உண்டு. எல்லோரும் எல்லோரோடும் கலந்து ஆடினால்தான் எண்கள் ஒப்பிடத் தக்கவையாக இருக்கும். கலக்காமல் ஒரு வட்டத்துக்குள்ளேயே ஆடினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு வேடிக்கையான சாட்சி உண்டு. கிளாட் பிளட்குட் என்பவர் வர்ஜீனியாச் சிறையில் ஆயுள் கைதி. சக கைதிகளோடு ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் ஆடி ஜெயித்து, 1996இல் 2702 என்ற எண்ணோடு அமெரிக்கப் பட்டியலில் இரண்டாம் இடத்துக்கு வந்துவிட்டார். சூத்திரத்தில் பிழை இல்லை, வட்டம்தான் அடைபட்டிருந்தது.

சென்னையில் நடந்தது இதற்கு நேர் எதிர். இங்கே அடைபட்ட வட்டம் எண்ணைக் கீழே அழுத்தியது. ஆயிரத்துச் சொச்சத்தில் உள்ளே வந்த பிள்ளை, இரண்டு மூன்று வருஷத்தில் 2000க்கு வளர்ந்தது. அந்தத் தொள்ளாயிரம் புள்ளியும் பெரும்பாலும் யாரோ ஒருவரிடமிருந்து வந்தாக வேண்டும். வங்கிக்காரர் கொஞ்சம் கொடுத்தார், இன்னொரு பிள்ளை கொஞ்சம் கொடுத்தது. அந்த இன்னொரு பிள்ளையும் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது. திறமை எல்லோருக்கும் ஏறுகிறது; பங்கு போடக் கையில் இருக்கும் புள்ளியோ அவ்வளவாக ஏறவில்லை. ஆகவே ஒரு வட்டாரமே தன் நிஜ பலத்துக்குக் கீழே எண் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். 2014இல் ஃபிடே சிறுவர்களுக்கு 'கே' மதிப்பை 40 ஆக்கியது இதற்கு ஒரு வைத்தியம்தான். பையனுக்கு 32 ஏறும்போது வங்கிக்காரருக்கு 16தான் இறங்குகிறது. மீதிப் பதினாறும் புதிதாக அச்சடித்த நோட்டு. ஆனாலும் போதவில்லை. கொரோனா இரண்டு வருஷம் மண்டபங்களை மூடியபோது பிள்ளைகள் வீட்டில் உட்கார்ந்து இணையத்தில் ஆடித் தீர்த்தார்கள். மண்டபம் திறந்ததும், பழைய எண்ணோடும் புதிய பலத்தோடும் வந்து நின்றார்கள். ஐரோப்பிய ஓபன் போட்டிகளுக்கும் அப்படியே போனார்கள். ஸ்டார்டிங் ரேங்க் தாளில் நடுவில் எங்கோ இருக்கும் இந்தியச் சிறுவன் எதிரே வந்தால் அங்குள்ள ஆட்டக்காரர்கள் அந்த எண்ணை நம்புவதை விட்டார்கள்.

அப்படியானால் இந்தப் பட்டியலுக்கு என்னதான் மதிப்பு? வளர்ந்து முடிந்தவர்களிடம் அது எவ்வளவு சுத்தமாக வேலை செய்யும் என்பதையும் இதே ஊர் பார்த்திருக்கிறது. 2013 நவம்பர், தேனாம்பேட்டை அண்ணா சாலையில் ஹயாத் ரீஜென்சி ஓட்டல். உலகப் பட்டத்துக்கு ஆனந்தும் கார்ல்சனும். ஆனந்த் 2775, கார்ல்சன் 2870. ஊர் முழுக்க ஆனந்தின் பக்கம். எலோவின் அட்டவணை மட்டும் 95 புள்ளி வித்தியாசத்துக்கு 0.63 என்றது, பத்து ஆட்டத்துக்கு 6.3. பத்து ஆட்டத்தில் முடிந்த அந்தப் போட்டியில் கார்ல்சன் எடுத்தது 6.5. அன்றைக்குச் சென்னை ரசிகர்கள் வருத்தத்தோடு வீட்டுக்குப் போனார்கள். கணக்கு மட்டும் தப்பவில்லை.

ஒன்பது வருஷம் கழித்து அதே கணக்கு கவிழ்ந்தது. 2022 ஜூலை கடைசியில் மாமல்லபுரத்தில் 44ஆவது செஸ் ஒலிம்பியாட். நேப்பியர் பாலத்துக்குக் கறுப்பு வெள்ளைக் கட்டம் அடித்து, வேட்டி கட்டிய குதிரைக்குத் 'தம்பி' என்று பெயர் வைத்து, நகரமே கூடிய சமயம். பட்டியல்படி முதலிடம் அமெரிக்கா; சராசரி 2771. இரண்டாம் இடம் இந்தியாவின் முதல் அணி. போட்டியை நடத்தும் நாடு என்பதால் கிடைத்த கூடுதல் இடத்தில் ஆடிய இந்தியா 2 அணிக்குப் பதினோராம் இடம். உஸ்பெகிஸ்தானுக்குப் பதினான்காம் இடம். இந்தியா 2 அணியில் குகேஷ், பிரக்ஞானந்தா, நிஹால் சரின், ரௌனக் சாத்வானி என நான்கு இளைஞர்கள், மூத்தவராக அதிபன். அணித் தலைவர் பயிற்சியாளர் ஆர்.பி.ரமேஷ்.

முடிவில் தங்கம் உஸ்பெகிஸ்தானுக்கு, வெள்ளி ஆர்மீனியாவுக்கு, வெண்கலம் இந்தியா 2க்கு. இந்தியாவின் முதல் அணி நான்காவது. அமெரிக்கா ஐந்தாவது. அந்த அமெரிக்காவை இந்தியா 2 நேருக்கு நேராக 3-1 என்று வென்றிருந்தது. முதல் பலகையில் குகேஷ் தொடர்ந்து எட்டு ஆட்டம் ஜெயித்தார். எட்டாவதாக விழுந்தவர் அமெரிக்காவின் ஃபேபியானோ கருவானா. தங்கம் வென்ற உஸ்பெக் அணியும் பதின்ம வயதுக்காரர்களை நம்பி வந்த அணிதான். பட்டியல் பொய் சொல்லவில்லை. அந்தப் பிள்ளைகள் எங்கே இருந்தார்கள் என்பதைச் சொன்னது, எங்கே வந்துவிட்டார்கள் என்பதைச் சொல்ல அதற்கு அவகாசம் கிடைக்கவில்லை.

குகேஷின் எண்ணுக்கே ஒரு கதை உண்டு. பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா அவரைக் கணினி எஞ்சின் பக்கமே விடாமல், தானே யோசித்து ஆடப் பழக்கினார். 12 வயது 7 மாதம் 17 நாளில் கிராண்ட்மாஸ்டர் ஆகும்வரை அப்படித்தான். 2023 ஆகஸ்டில் பாகு உலகக் கோப்பையில் ஒரு வெற்றியோடு நேரலைக் கணக்கில் அவர் ஆனந்தைத் தாண்டினார். செப்டம்பர் 1ஆம் தேதிப் பட்டியலில் அது எழுத்தில் வந்தது: குகேஷ் 2758, ஆனந்த் 2754. 1986 ஜூலை முதல் 37 வருஷம் ஒருவர் பெயரிலேயே இருந்த இடம், அதே ஊர்ப் பையனுக்குக் கைமாறியது. எட்டாத தூரத்தில் நின்ற எண்ணை எட்டியது ஒரு பிள்ளைதான் என்பது இந்தக் கதைக்குப் பொருத்தம்.

இந்த எண்ணால் ஆகும் காரியமும் சின்னதில்லை. கிராண்ட்மாஸ்டர் பட்டத்துக்கு, போட்டிகளில் நன்றாக ஆடிப் பெறும் 'நார்ம்' என்ற தகுதி மூன்று இருந்தால் போதாது, ஒரு முறையாவது 2500ஐத் தொட வேண்டும். பிரக்ஞானந்தாவின் அக்கா வைஷாலி அதைத் தொட்டது 2023 டிசம்பரில், ஸ்பெயினில். உலகின் முதல் அக்கா தம்பி கிராண்ட்மாஸ்டர் ஜோடி அன்றைக்குத்தான் முழுமையானது. உலகப் பட்டத்துக்குச் சவால் விடுபவரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் போட்டியில் ரேட்டிங்குக்கென்றே ஓர் இடம் ஒதுக்கப்பட்டபோது, எண்ணைத் துரத்துவதே தனிப் பந்தயம் ஆயிற்று. 2022இல் சீனாவின் டிங் லிரென் குறைந்தபட்ச ஆட்ட எண்ணிக்கையை எட்டுவதற்காக ஒரு மாதத்துக்குள் அவசர அவசரமாக ஏற்பாடு செய்த போட்டிகளில் ஆடி இடம் பிடித்தார். அடுத்த ஆண்டு உலக சாம்பியனும் ஆனார். 2023 டிசம்பரில் அலிரேசா ஃபிரூஜா சில புள்ளிகளுக்காக பிரான்சில் ஓடி ஓடி ஆடினார்.

அதே டிசம்பரில் சென்னையிலும் ஓர் அவசரப் போட்டி நடந்தது. எம்.ஆர்.சி. நகர் லீலா பேலஸில் சென்னை கிராண்ட்மாஸ்டர்ஸ். கேண்டிடேட்ஸுக்கான இன்னொரு வழியான ஃபிடே சர்க்யூட்டில், ஒரு போட்டி எத்தனை புள்ளி தரும் என்பது அதில் ஆடுபவர்களின் சராசரி எண்ணைப் பொறுத்தது. அதனால் ஆட்டக்காரர்களைத் திரட்டுவதே பாதி வேலை. குகேஷ் அந்தப் போட்டியை வென்றார், சர்க்யூட் இடத்தைப் பிடித்தார், டொரண்டோவில் கேண்டிடேட்ஸ் வென்றார். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் டிங்கை 7.5-6.5 என்று வென்று 18 வயதில் உலக சாம்பியன் ஆனார். போட்டிக்கு முன் குகேஷ் 2783, டிங் 2728. கணக்குப்படி குகேஷ் 14 ஆட்டத்தில் எட்டைத் தொட்டிருக்க வேண்டும். எண் எதிர்பார்த்ததைவிடச் சிரமப்பட்டுத்தான் ஜெயித்தார். அதற்கு ஒரு மாதம் முன்பு கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் நடந்த அடுத்த சென்னை கிராண்ட்மாஸ்டர்ஸில், போட்டிப் பட்டியலின் உச்சியில் நின்ற அர்ஜுன் எரிகைசியோடும் லெவோன் அரோனியனோடும் சமநிலைக்கு வந்து, பிளிட்ஸ் ஆட்டத்தில் பட்டத்தைத் தட்டிச் சென்றவர் அரவிந்த் சிதம்பரம்.

உச்சியில் இவ்வளவு நடக்கும்போது அடித்தளத்தில் ஒரு பழுதுபார்ப்பு நடந்தது. 2024 மார்ச் 1ஆம் தேதி ஃபிடே, 2000க்குக் கீழே இருந்த எல்லோருடைய எண்ணையும் ஒரே நாளில் உயர்த்தியது. 2000க்கு எவ்வளவு குறைவோ அதில் பத்தில் நாலு பங்கு கூடுதல். பிப்ரவரி 29 இரவு 1200ஆகப் படுத்த பிள்ளை காலையில் 1520ஆக எழுந்தது. 1500 என்றால் 1700. 1800 என்றால் 1880. அடிமட்டமும் 1000இலிருந்து 1400க்கு ஏறியது. கீழே இருந்த எண்கள் நிஜ பலத்துக்குக் குறைவாகப் புதைந்துவிட்டன என்று கூட்டமைப்பே ஒப்புக்கொண்ட மாதிரிதான். சென்னைப் பிள்ளைகள் மட்டும் இதற்குக் காரணமில்லை. உலகம் முழுக்கப் பிள்ளைகள் வந்து குவிந்த இடமெல்லாம் இதே கதை. ஆனால் அப்படிக் குவிந்த இடங்களில் சென்னை முன்வரிசை. ஆணை போட்டு எண்ணை மாற்றுவது முதல் தடவையும் அல்ல. 1987இல் சூசன் போல்கர் ஒருவரை விட்டுவிட்டுப் பெண்கள் எல்லோருக்கும் நூறு புள்ளி ஏற்றினார்கள். அந்தச் சர்ச்சை அடங்க வெகுகாலம் ஆனது. 2024இல் ஏறியது யாருடைய பெயரையும் பார்த்து அல்ல என்பதால் முணுமுணுப்போடு நின்றது. ஒரே ஒரு சிக்கல்: 1600க்குக் கீழே இருப்பவர்களுக்கு மட்டும் என்று அறிவிக்கப்படும் போட்டிகளில் பரிசு வாங்கிக்கொண்டிருந்த பலர் ஒரே இரவில் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டார்கள்.

எலோ 1992இல் காலமானார். அவர் சூத்திரம் சதுரங்கத்தோடு நிற்கவில்லை. ஃபிஃபா பெண்கள் கால்பந்துக்கு 2003இலும் ஆண்கள் கால்பந்துக்கு 2018இலும் அதன் வழிக்கு வந்தது. அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் ஜெஃப் சாகரின் போட்ட கணினி வரிசை ஒன்றுக்கு எலோ-செஸ் என்றே பெயர். ஆனால் கல்லூரி அணியில் ஆண்டுதோறும் பழைய பையன்கள் பட்டம் வாங்கிக்கொண்டு போவார்கள், புதியவர்கள் வருவார்கள். ஆகவே இம்மாதிரிக் கணக்குப் போடுகிறவர்கள், பருவத் தொடக்கத்தில் போன வருஷ எண்ணைச் சராசரியை நோக்கிக் கொஞ்சம் இழுத்துவிட்டே ஆரம்பிக்கிறார்கள். போன வருஷத்து ஆள் இந்த வருஷம் அதே ஆளாக இருக்க மாட்டான் என்பது அவர்கள் கணக்கிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

சதுரங்கத்தில் பருவத் தொடக்கம் என்று ஒன்று இல்லை. மாதத்தின் 1ஆம் தேதி மட்டும்தான். அதனால் அந்த இழுப்பை வீட்டில் இருப்பவர்கள்தான் மனசில் போட்டுக்கொள்ள வேண்டும். பிள்ளை இந்த மாதம் 40 மைனஸ் என்றால், பெரும்பாலும் தன்னைவிடச் சின்ன எண் கொண்டவர்களிடம் தோற்றிருக்கிறது என்று பொருள். அந்தச் சின்ன எண்காரர்கள் நிஜத்தில் யார் என்பது இன்னும் ஆறு மாதம் கழித்துத்தான் பட்டியலுக்கே தெரியும். இதை நன்றாக அறிந்த கோச்சுகள், எண்ணைப் பற்றிக் கேட்கும் பெற்றோரிடம் வழக்கமாக ஒன்றையே திருப்பிக் கேட்கிறார்கள்: "ரேட்டிங் இருக்கட்டும் சார். தோத்த கேமை எழுதிட்டு வந்திருக்கானா?"